சீசன் டிக்கெட்டும் ஐந்து பங்காளிகளும்

கொஞ்சம் கொசுவத்தி சுத்தற பதிவு இது மக்களே. கிரிக்கெட் பிடிக்காதவங்களும் தைரியமா உள்ள வரலாம். ஸ்கோர் விவரம் அதிகம் இருக்காது (ரொம்ப கஷ்டப்பட்டு அடக்கிக்கிட்டு எழுதறேன்).

2022ல ஆன்சைட்னு சொல்லி ஒன்பது மாசம் இங்கிலாந்துல போட்டு வெச்சிருந்தாங்க. பக்கத்து சீட்டுல ஒரு வெள்ளைக்காரர், ஐம்பது வயசு இருக்கும். அவர் ஊர்ல ஒரு சின்ன ஃபுட்பால் கிளப். பிரீமியர் லீக் எல்லாம் இல்லைங்க, அதுக்கு ரெண்டு படி கீழ. டிவியில கூட அபூர்வமாத்தான் வரும். அந்த டிவிஷன்ல 24 டீம், அதனால சொந்த மைதானத்துல வருஷத்துக்கு 23 லீக் ஆட்டம். அந்த 23க்கும் சேர்த்து ஒரு சீசன் டிக்கெட், ஒரே சீட்டு. அதை அவரும் அவர் மச்சானும் ஆளுக்குப் பாதி காசு போட்டு வாங்குவாங்களாம். ஜூன் மாசம் ஆட்ட அட்டவணை வந்ததும் ரெண்டு பேரும் பேனாவோட உக்காந்து பங்கு பிரிப்பாங்களாம். பக்கத்து ஊர் டீமோட மோதற ஆட்டம் யாருக்கு, டிசம்பர் 26 ஆட்டம் யாருக்குன்னு. "ஒவ்வொரு வருஷமும் இதுல சண்டை வரும், என் மனைவிதான் பஞ்சாயத்து"ன்னு சிரிச்சார்.

எனக்கு அப்படியே எங்க ஊரு தறிக்குழி ஞாபகம் வந்துடுச்சு. ஏன்னா இதே பஞ்சாயத்து எங்க வீட்டுல 1986ல இருந்து நடந்துக்கிட்டு இருக்கு.

நமக்கு சீசன் டிக்கெட்னா முதல்ல ஞாபகம் வர்றது ரயில் பாஸ்தான். அரக்கோணத்துல இருந்தும் செங்கல்பட்டுல இருந்தும் தினம் மெட்ராஸ் போறவங்க சட்டைப்பையில இருக்கும். அதுல பங்கெல்லாம் நடக்காது. அடையாள அட்டையும் கூடவே இருக்கணும், இன்னொருத்தர் பாஸ்ல போனா டிடிஆர் ஃபைன் போட்டுடுவார். ரெண்டாவது, மார்கழி சபா டிக்கெட். 1928ல ஆரம்பிச்ச மியூசிக் அகாடமியில சீசன் டிக்கெட் வெச்சிருக்கறது மயிலாப்பூர்ப் பக்கம் கிட்டத்தட்ட குடும்பச் சொத்து மாதிரி. காலையில மாமி, மத்தியானம் மருமகள், சாயங்காலக் கச்சேரிக்கு மாமான்னு ஒரே சீட்டுல மூணு தலை மாறும். கேன்டீன்ல மட்டும் மூணு பேரும் ஒண்ணா இருப்பாங்க :)

மூணாவதுதான் நம்ம விஷயம். சேப்பாக்கம் டெஸ்ட் மேட்ச் சீசன் டிக்கெட்.

ஃபுட்பால் கிளப்புக்கு சீசன் டிக்கெட்னா வருஷம் முழுக்க. டெஸ்ட் மேட்சுக்கு சீசன்னா அஞ்சே நாள். ஆனா யோசிச்சுப் பாருங்க, அஞ்சு நாள் காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் ஒருத்தன் மைதானத்துல உக்காரணும்னா அவன் யாரா இருக்கணும்? லீவு இருக்கற கவர்மென்ட் உத்தியோகம், இல்ல ரிட்டயர்ட் ஆளு, இல்ல வசதியான வீட்டுப் பையன். அந்த டிக்கெட்டை உருவாக்கினவங்க மனசுல இருந்தது அந்த மாதிரி ஆளுதான். அதுல தப்பும் இல்ல, ஏன்னா மெட்ராஸ் கிரிக்கெட்டே அப்படித்தான் ஆரம்பிச்சது.

மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் 1846ல வெள்ளைக்காரங்க ஆரம்பிச்சது. 1865ல சேப்பாக்கம் மைதானத்துக்கு வந்தாங்க. நம்மாளுங்க உள்ள போய் ஆட முடியாத காலம். அந்தக் கடுப்புலதான் புச்சி பாபு நாயுடு 1888ல மெட்ராஸ் யுனைடெட் கிளப் ஆரம்பிச்சார். வெள்ளைக்காரங்களுக்கும் இந்தியர்களுக்கும் மேட்ச் வைக்கணும்னு அலைஞ்சவர் அவர்தான். 1908ல முதல் ஆட்டம் நடக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி செத்துப்போயிட்டார், பாவம். 1915க்கு அப்புறம் அது வருஷா வருஷம் நடக்கற பிரெசிடென்சி மேட்ச் ஆச்சு. நடந்தது பொங்கல் சமயத்துல. 1952 வரைக்கும் ஓடுச்சு. பொங்கல்னா மெட்ராஸ்ல கிரிக்கெட் பார்க்கணும்ங்கற பழக்கம் அங்க இருந்துதான் வந்தது. பின்னாடி வந்த "பொங்கல் டெஸ்ட்" அதோட வாரிசு.

இந்தப் பொங்கல்ங்கறது சின்ன விஷயம் இல்ல. நாலு நாள் லீவு தொடர்ச்சியா கிடைக்கறது சாதாரண ஜனத்துக்கு அப்போதான். எங்க பக்கம் தறிக்காரங்களுக்கும் அப்படித்தான். போகிக்குத் தறியை நிறுத்தினா காணும் பொங்கல் முடிஞ்சுதான் மறுபடி கால் வைப்பாங்க. பொங்கல் டெஸ்டுக்கு ரெண்டு மூணு நாள் போனாலும் கூலி பெரிசா போகாது.

1934 பிப்ரவரியில சேப்பாக்கத்துல முதல் டெஸ்ட். 1952 பிப்ரவரியில இங்கிலாந்தை ஒரு இன்னிங்ஸ் எட்டு ரன்ல ஜெயிச்சோம். இந்தியாவோட முதல் டெஸ்ட் வெற்றி, 25வது டெஸ்ட்ல. வினூ மன்கட் 12 விக்கெட். இதுல டிக்கெட் சம்பந்தப்பட்ட ஒரு கூத்து இருக்கு. மேட்ச் ஆரம்பிச்ச பிப்ரவரி 6ஆம் தேதியே ஆறாம் ஜார்ஜ் மன்னர் சாண்ட்ரிங்ஹாம்ல இறந்துட்டார். அதனால ஓய்வு நாளை 7ஆம் தேதிக்கு மாத்திட்டாங்க (அப்பல்லாம் டெஸ்ட் மேட்ச் நடுவுல ஒரு நாள் ரெஸ்ட் உண்டு, ஆட்டக்காரங்களும் மனுஷங்கதானேன்னு). 10ஆம் தேதியே ஆட்டம் முடிஞ்சுபோச்சு. டிக்கெட்டை நாள் கணக்குல பிரிச்சு வெச்சிருந்தவன் கதையை நினைச்சுப் பாருங்க. ரெண்டாம் நாள்காரன் கிளம்பி வந்தா ஆட்டம் இல்ல. அஞ்சாம் நாள்காரனுக்கு அஞ்சாம் நாளே இல்ல.

1956ல இருந்து பத்து வருஷம் டெஸ்ட் எல்லாம் கார்ப்பரேஷன் ஸ்டேடியத்துக்குப் போச்சு (இப்போ நேரு ஸ்டேடியம்). அங்க நடந்த முதல் டெஸ்ட்லதான் மன்கட்டும் பங்கஜ் ராயும் நியூஸிலாந்துக்கு எதிரா 413 ரன் ஓப்பனிங் பார்ட்னர்ஷிப். 2008 வரைக்கும் அதுதான் உலக சாதனை. முதல் நாள் முழுக்க ஒரு விக்கெட் கூட விழலை. அன்னிக்குப் போன பங்காளிக்கு அதிர்ஷ்டமா துரதிர்ஷ்டமான்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.

1967 ஜனவரியில டெஸ்ட் சேப்பாக்கத்துக்குத் திரும்பி வந்தது. எதிரணி வெஸ்ட் இண்டீஸ். அவங்க எங்க இருந்து வந்தாங்க தெரியுமா? கல்கத்தாவுல இருந்து. அங்க ரெண்டு வாரம் முன்னாடி, ஜனவரி 1ஆம் தேதி, ஈடன் கார்டன்ஸ்ல பெரிய கலவரம். மைதானத்துல இருக்கற இடத்துக்கு மேல டிக்கெட் வித்துட்டாங்க. காசு குடுத்து வாங்கின ஆளுக்கு உக்கார இடம் இல்ல. ஜனம் கோட்டுக்குள்ள இறங்கிடுச்சு, போலீஸ் தடியடி, பந்தல் எல்லாம் தீ வெச்சுட்டாங்க. அன்னிக்கு ஒரு பந்து கூட போடலை. சீசன் டிக்கெட்னா வெறும் காகிதம் இல்ல, "அஞ்சு நாளைக்கு இந்த அரை அடி பலகை என்னுது"ங்கற வாக்குறுதி. அந்த வாக்கை மீறினா என்ன ஆகும்னு அந்த ஒரு நாள்ல தெரிஞ்சுது. அதுக்கப்புறம் சேப்பாக்கத்துல ஆட்டம் ஒழுங்கா நடந்தது. முதல் நாள் காலையில ஃபரூக் இன்ஜினியர் லஞ்சுக்கு முன்னாடியே 94. முதல் நாள் பங்கு எடுத்தவனுக்கு அடிச்சது யோகம்.

ஒரு டிக்கெட்டை அஞ்சா பிரிக்கறது யார் கண்டுபிடிச்சதுன்னு கேட்டா பதில் கிடையாது. தேவைதான் கண்டுபிடிச்சது. தினசரி டிக்கெட்டுக்கு ராத்திரியே வந்து வரிசையில நிக்கணும், கிடைக்குமாங்கறது சாமிக்குத்தான் தெரியும். சீசன் டிக்கெட் விலை தனி ஆளுக்குக் கட்டாது. அப்படியே கட்டினாலும் அஞ்சு நாள் லீவு எடுக்க முடியாது. அண்ணன் தம்பி நாலு பேர், ஆபீஸ்ல ஒரே பெஞ்சுல அஞ்சு பேர், தெருவுல மூணு வீடுன்னு சேர்ந்து வாங்கினா எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு நாள் நிச்சயம். வசதியானவனுக்குன்னு செஞ்ச டிக்கெட்டை ஜனங்க இப்படித்தான் தனக்குன்னு வெட்டித் தெச்சுக்கிட்டாங்க.

ஆனா இதுல ஒரு சிக்கல். ஃபுட்பால்ல 23 ஆட்டத்தைப் பங்கு போட்டா ஆளுக்கு ஒரு முழு ஆட்டம் கிடைக்கும். டெஸ்ட்ல கிடைக்கறது கதையோட அஞ்சுல ஒரு துண்டு. நீ பார்த்த துண்டுல கதாநாயகன் வருவானா, தூங்குவானான்னு முன்கூட்டியே தெரியாது. 1988 பொங்கல் டெஸ்ட்ல ஹிர்வானி முதல் மேட்ச்சுலயே 16 விக்கெட் எடுத்தார், ஆட்டம் நாலு நாள்ல காலி. 1999ல பாகிஸ்தான்கிட்ட 12 ரன்ல தோத்தோமே, டெண்டுல்கர் 136, ஜனம் எழுந்து நின்னு பாகிஸ்தானுக்குக் கை தட்டுச்சே, அதுவும் நாலாம் நாள் ஞாயித்துக்கிழமை. அஞ்சாம் நாள் டிக்கெட் வெச்சிருந்தவன் திங்கட்கிழமை ஆபீஸ் போயிருப்பான். அதே அஞ்சாம் நாள் 2008 டிசம்பர்ல தங்கமா மாறுச்சு. மும்பை தாக்குதல் முடிஞ்சு மூணு வாரம் கூட ஆகலை, 387 துரத்தி டெண்டுல்கர் 103 நாட் அவுட். அதனால அஞ்சாம் நாள்ங்கறது லாட்டரி. பங்கு பிரிக்கும்போது யாரும் விரும்பிக் கேக்க மாட்டாங்க. ஒண்ணு ஆட்டமே இருக்காது, இல்ல டிரா ஆகி கொட்டாவி விட்டுக்கிட்டு உக்காரணும்.

இனி எங்க வீட்டுக் கதை.

1986 செப்டம்பர். ஆஸ்திரேலியா வந்திருக்கு. 18ஆம் தேதி வியாழன் ஆரம்பிச்சு 22 திங்கள் வரைக்கும், நடுவுல ஓய்வு நாள் இல்ல. பொங்கல் இல்லாத டெஸ்ட். பட்டுத் தறிக்காரனுக்கு இதைவிட மோசமான நேரம் கிடையாது, தீபாவளிக்கு ஒண்ணரை மாசம்தான் இருக்கு. படவேட்டுல அப்பாவுக்கு அப்போ 22 வயசு, சொந்தத் தறி இல்ல, முதலாளி குடுத்த பாவுல கூலிக்கு நெய்யறார். தெருவுல அஞ்சு பேர் சேர்ந்து காசு போட்டு, சைதாப்பேட்டையில இருந்த பெரியப்பா மூலமா ஒரு சீசன் டிக்கெட் வாங்கினாங்க. எந்த நாள் யாருக்குன்னு டம்ளர்ல சீட்டு போட்டுக் குலுக்கினாங்க. அப்பா எடுத்தது அஞ்சு. எல்லாரும் சிரிச்சிருக்காங்க.

ஏற்பாடு இதுதான். போறவன் முந்தின நாள் ராத்திரியே கண்ணமங்கலம், ஆரணி வழியா பஸ் புடிச்சு சைதாப்பேட்டை போய்ப் படுத்துக்கணும். டிக்கெட் பெரியப்பா வீட்டு முருகன் காலண்டருக்குப் பின்னாடி இருக்கும். காலையில எடுத்துக்கிட்டுப் போய் சாயங்காலம் அதே இடத்துல வெச்சுட்டு ஊருக்கு வந்துடணும். வர்றவன் முந்தின நாள் கதையைப் போறவனுக்கு ஆரணி பஸ் ஸ்டாண்ட்ல சொல்லணும். ஆக அஞ்சு நாள் டெஸ்டையும் அஞ்சு பேரும் "பார்த்தாங்க", ஒரு நாள் கண்ணால, மிச்சம் காதால. (ரிலே ரேஸ் மாதிரி. ஆபீஸ்ல நாங்க ஷிஃப்ட் மாறும்போது குடுக்கற ஹேண்ட் ஓவர் இதைவிட மட்டம்.)

டீன் ஜோன்ஸ் 210 அடிச்சு, வெயில் தாங்காம வாந்தி எடுத்துக்கிட்டே ஆடி, ஆஸ்பத்திரியில சலைன் ஏத்தினது உலகத்துக்கே தெரியும். ரெண்டாம் நாள்காரர் அதை இன்னிக்கும் நடிச்சுக் காட்டுவார். மூணாம் நாள் சனிக்கிழமை போனவர் பக்கத்துத் தறிக்காரர், அப்பாவோட சோடி. நாலாம் நாள் கபில்தேவ் 119ல ஃபாலோ ஆன் தப்பிச்சது. ஞாயிறு முடியும்போது ஆஸ்திரேலியா 347 ரன் முன்னாடி. எப்படியும் டிராதான்னு தெருவுல தீர்ப்பு.

அந்த ஞாயித்துக்கிழமை சாயங்காலம்தான் முதலாளி ஆள் அனுப்பினார். பாவு பிணைக்கற ஆள் நாளைக்கு வரான், வீட்டுல இருன்னு. பட்டுத் தறி தெரியாதவங்களுக்குச் சொல்றேன். பழைய பாவு முடிஞ்சதும் புதுப் பாவோட ஒவ்வொரு இழையையும் பழைய இழையோட கையால முறுக்கிப் பிணைக்கணும், ஆயிரக்கணக்குல. அதுக்குன்னே இருக்கற ஆளுங்க ஊர் ஊரா போவாங்க, சீசன்ல கிடைக்கறது குதிரைக் கொம்பு. அன்னிக்கு விட்டா ஒரு வாரம் தறி சும்மா கிடக்கும், தீபாவளிக் கூலி போச்சு. அப்பா யோசிக்கக்கூட இல்லையாம். பக்கத்துத் தறிக்காரர்கிட்ட போய், "எனக்குப் பதிலா நீ போயிட்டு வா, எப்படியும் டிராதான்"னு சொல்லிட்டார். ஏற்கனவே ஒரு நாள் பார்த்தவர், அடிச்சது யோகம்னு ராத்திரி பஸ் ஏறிட்டார்.

மறுநாள் என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும். காலையில ஆஸ்திரேலியா டிக்ளேர், 348 இலக்கு, கவாஸ்கர் 90, விக்கெட் விழ விழ இந்தியா துரத்தறது. கடைசி ஓவர்ல ரவி சாஸ்திரி ஒரு ரன் எடுத்து ஸ்கோரைச் சமன் பண்றார். மணிந்தர் சிங் எல்.பி.டபிள்யூ., ஒரு பந்து மிச்சம் இருக்கும்போது. டை. 1960 பிரிஸ்பேனுக்கு அப்புறம் டெஸ்ட் சரித்திரத்துலயே ரெண்டாவது டை. இன்னிக்கு வரைக்கும் மூணாவது வரலை.

அப்பா அதை ரேடியோவுல கேட்டார். பாவு பிணைக்க வந்த ஆளும் கேட்டுக்கிட்டே பிணைச்சிருக்கார். அந்தப் பாவுல மறுநாள் இழை இழையா மாத்திப் பிணைஞ்சு கிடந்து, சரி பண்ண அரை நாள் ஆச்சாம். போன மனுஷன் செவ்வாய்க்கிழமை விடிகாலை ஊர் வந்து சேர்ந்தார். குரலே வரலையாம். ஜெயிச்சோமா தோத்தோமான்னு மைதானத்துல பாதிப் பேருக்குப் புரியலை, பக்கத்துல இருந்தவன் கட்டிப்புடிச்சு அழுதான், ஏன்னு அவனுக்கும் தெரியலைன்னார்.

அந்தப் பக்கத்துத் தறிக்காரர்தான் எட்டு வருஷம் கழிச்சு எனக்கு மாமா ஆனார். அதாவது அவர் தங்கச்சியைத்தான் அப்பா கட்டிக்கிட்டார். "டிக்கெட்டைக் குடுத்துப் பொண்ணை வாங்கினான்"னு ஊர்ல ஒரு பேச்சு உண்டு. ஒவ்வொரு கல்யாணத்துலயும் காதுகுத்துலயும் மாமா அந்தக் கடைசி ஓவரைச் சொல்லுவார், அப்பா எழுந்து போய் பந்தியைக் கவனிப்பார். அந்த அஞ்சாம் நாள் பங்குக் காசை மாமா தரவே இல்லைங்கறது அம்மா தன் அண்ணன் மேல வைக்கற நிரந்தரக் குற்றச்சாட்டு. அப்பா கேட்டதும் இல்ல. 2021ல கொரோனாவுல மாமா போயிட்டார். அப்புறம் வீட்டுல அந்த ஓவரைப் பத்தி யாரும் பேசறதில்ல.

இங்கிலாந்துல அந்த வெள்ளைக்காரர்கிட்ட இதைச் சொன்னேன். பதிலுக்கு அவர் கிரீன் பே கதையைச் சொன்னார். அமெரிக்காவுல ஒரு லட்சம் ஜனம் இருக்கற சின்ன ஊரு, கையால தூக்கிட்டு ஓடற ஃபுட்பால். ஊர் ஜனமே பங்குதாரரா இருக்கற கிளப். அங்க 1960ல இருந்து சீசன் டிக்கெட் மொத்தமும் வித்துத் தீர்ந்தே இருக்கு, காத்திருப்போர் பட்டியல் ஊர் ஜனத்தொகையை விடப் பெரிசு. டிக்கெட்டைச் சொத்து மாதிரி பிள்ளைங்களுக்கு விட்டுட்டுப் போவாங்களாம். எங்க மாமா விட்டுட்டுப் போனது கதையை மட்டும்தான்.

சேப்பாக்கத்துல இப்போ டெஸ்ட் வர்றதே அபூர்வம். 2008க்கு அப்புறம் 2013, 2016, 2021ல ரெண்டு (முதலாவதுல ஆளே இல்லாத காலி மைதானம்), அப்புறம் 2024 செப்டம்பர்ல பங்களாதேஷ். 19ஆம் தேதி வியாழன் ஆரம்பம். நாள் கணக்கைப் பார்த்ததும் எனக்கு ஒரு ஆசை. திங்கட்கிழமை அஞ்சாம் நாளுக்கு ஆபீஸ்ல லீவு சொல்லிட்டேன். அப்பாவுக்குப் போன் பண்ணி, "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி வந்துடு, அஞ்சாம் நாள் நம்ம போறோம்"னேன். ரெண்டு நிமிஷம் பேசாம இருந்துட்டு, "சரிப்பா"ன்னார். சட்டையெல்லாம் இஸ்திரி போட்டு வெச்சதா அம்மா சொன்னாங்க.

அஸ்வின் சொந்த ஊர்ல முதல் இன்னிங்ஸ்ல 113 அடிச்சார். அது போதாதுன்னு ரெண்டாவது இன்னிங்ஸ்ல ஆறு விக்கெட். ஞாயித்துக்கிழமை லஞ்சுக்குள்ள ஆட்டம் முடிஞ்சுபோச்சு, 280 ரன்ல வெற்றி. தேதி செப்டம்பர் 22.

அப்பாவுக்குப் போன் பண்ணினேன். டிவியில பார்த்துட்டாராம். "பரவால்ல விடு. நாளைக்குப் பாவு பிணைக்கற ஆளை வர வேண்டாம்னு சொல்லியிருந்தேன், வரச் சொல்லிடறேன்"னார்.